எவ்வளவு தூரத்தில் செத்தால் பேய்?

2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. அக்டோபர் 31, வியாழக்கிழமை. இரண்டு நாள் கழித்து, நவம்பர் 2 சனிக்கிழமை, கிறிஸ்தவர்களின் கல்லறைத் திருநாள். ஆக, செத்தவர்களை நினைத்துக்கொள்ள ஒரே வாரத்தில் மூன்று வழிகள்: படையல், மெழுகுவத்தி, பார்ட்டி. வியாழக்கிழமை நான் குரும்பலூரில் படையலுக்கு முன்னால் விழுந்து கும்பிட்ட பேரன். சனிக்கிழமை இரவு பெங்களூரில் ஒரு ஃப்ளாட்டில் பேய் காக்டெய்ல் கலக்கும் பொறுப்பாளன்.

இரண்டுக்கும் நடுவே ஒரு கேள்வி மாட்டிக்கொண்டது. செத்தவர்களை வைத்து விளையாடலாமா? 'கூடவே கூடாது, இதெல்லாம் நம்ம கலாச்சாரமா' என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 'ஜாலிக்குத்தானே, விடுங்க பாஸ்' என்பவர்களோடும் இல்லை. இரண்டு பேருமே கேள்வியைச் சந்திக்காமல் கடந்துபோகிறார்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் படையல். குரும்பலூர், பெரம்பலூரிலிருந்து துறையூர் போகும் வழியில் இருக்கிற ஊர். மேற்கே பச்சைமலை தெரியும். தீபாவளி சமயத்தில் காடு முழுக்க மக்காச்சோளம் ஆள் உயரத்துக்கு நிற்கும். எங்கள் வீட்டில் அன்றைய படையல் தாத்தாவுக்கு. போட்டோவுக்கு முன்னால் தலைவாழை இலை, புது வேட்டி துண்டு, அதிரசம், சுழியம், முறுக்கு, கறிக்குழம்பு. இலையின் ஓரத்தில் ஒரு குவார்ட்டர் பிராந்தி, ஒரு கட்டு பீடி, ஒரு தீப்பெட்டி. அந்தத் தீப்பெட்டியை அப்பாயி எந்த வருஷமும் மறந்ததில்லை. 'பீடிய வெச்சுட்டு நெருப்பு வெக்கலன்னா, மனுசன் யாருகிட்டப் போயி கேப்பாரு?'

தாத்தா உயிரோடு இருந்தபோது வீட்டுக்குள் பாட்டிலைப் பார்த்தால் அப்பாயி சாமியாடிவிடும். அதனால் கேட்டேன்: 'அப்பல்லாம் தூக்கிப் போட்டு ஒடைப்பியே அப்பாயி, இப்ப நீயே வாங்கியாரச் சொல்றியே?'

'கடைசியா ஆசுபத்திரியில வாய் நனைக்கக் கேட்டாரு. நான் குடுக்கல. குடுக்கக் கூடாதுதான், டாக்டரு சொல்லிட்டாரு. ஆனா கேட்டுட்டுப் போயிட்டாருல்ல. அது கடன்டா தம்பி.'

இந்த பதிலை நான் நிறைய நாள் யோசித்திருக்கிறேன். அப்பாயி செய்தது தப்பில்லை என்று அதற்கே தெரியும். மறுபடியும் அந்த நாள் வந்தால் மறுபடியும் கொடுக்காது. ஆனாலும் கடன் கடன்தான். தப்புக்குத்தான் கடன் என்று நாம் நினைக்கிறோம். தப்பே செய்யாமலும் கடன்படலாம் என்பது அப்பாயியின் கணக்கு. சாமி கும்பிட்டு முடித்ததும் அந்தக் குவார்ட்டரைச் சித்தப்பா எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். 'படைச்சது வீணாப் போகக் கூடாதுல்ல' என்று ஒரு நியாயமும் சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

இனி காக்டெய்ல். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாகவே பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. பயமுறுத்தும் பானம் செய்வது உண்மையில் சமையலறை வேதியியல்தான். காய்ந்த சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் கருநீலச் சாறு இறங்கும். அதில் எலுமிச்சை பிழிந்தால், அமிலம் பட்டு நிறமி மாறி, கண்ணெதிரே ஊதா ஆகும். டானிக் வாட்டரில் க்வினைன் இருப்பதால் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் நீலமாக ஒளிரும். பீட்ரூட் சாற்றைச் சர்க்கரைப் பாகில் கெட்டியாகக் காய்ச்சிக் கோப்பையின் விளிம்பில் தடவினால் ரத்தம் வழிகிற மாதிரி இறங்கும். புகைக்கு ட்ரை ஐஸ் வாங்கலாம் என்றார்கள். அது மைனஸ் 78.5 டிகிரியில் இருக்கும் திடக் கரியமில வாயு. தொட்டாலே தோல் வெந்துபோகும். அதே வருஷம் மார்ச்சில் குருகிராமில் ஓர் உணவகத்தில் வாய் மணக்கக் கொடுப்பது என்று நினைத்து அதை வாயில் போட்ட ஐந்து பேர் ரத்த வாந்தி எடுத்தார்கள். புகை வேண்டாம் என்று நான் பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். பயமாகத் தெரிய வேண்டும், பயப்படும்படி ஆகக் கூடாது. பேய் காக்டெய்லின் முதல் விதியே அதுதான்.

ஜாம்பி என்ற பழைய ரம் காக்டெய்லும் பட்டியலில் இருந்தது. எல்லோருக்கும் பிடித்துப்போனது 'கண்' கோப்பை. டின்னில் வரும் லிச்சிப் பழத்தின் குழிக்குள் ஒரு கறுப்பு திராட்சையைச் செருகினால் அச்சு அசலாக மனிதக் கண். (நுங்காக இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். ஐப்பசியில் நுங்குக்கு எங்கே போவது.) தெளிந்த ஜின்னில் அது மிதந்துகொண்டு நம்மையே பார்க்கும்.

சனிக்கிழமை இரவு முதல் கோப்பையைக் கையில் வாங்கிய நண்பன் அதைத் தூக்கிப் பிடித்துச் சொன்னான்: 'மச்சி, இதுக்குப் பேரு கள்ளக்குறிச்சி. ஒரே ஷாட், கண்ணு காலி.'

பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் சிரிக்கலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

மறந்திருந்தால் நினைவூட்டுகிறேன். 2024 ஜூன் மாதம், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் தினக்கூலிகள். பிழைத்தவர்களில் சிலருக்குப் பார்வை போனது. மெத்தனாலுக்கு நிறம் கிடையாது. குடிக்கிற எத்தனாலிலிருந்து மூக்காலோ நாக்காலோ அதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். உடம்புக்குள் போய் அது ஃபார்மிக் அமிலமாக மாறும். அந்த அமிலம் குறிவைத்துத் தாக்கும் இடங்களில் ஒன்று கண் நரம்பு. நண்பனின் ஜோக் அறிவியல்படி துல்லியமானது. அதனால்தான் அவ்வளவு சுருக்கென்று இறங்கியது. பெரம்பலூரிலிருந்து கள்ளக்குறிச்சி வடக்கே பஸ்ஸில் போய்விடுகிற தூரம். நடந்து நாலரை மாதம்தான் ஆகியிருந்தது.

ஒரு தோழி சொன்னாள்: 'இது வேணாம்டா. ஒரு மாதிரி இருக்கு.'

அவன் விடவில்லை. கெட்டவனும் இல்லை, வாதம் பண்ணத் தெரிந்தவன். 'அப்போ ஜாம்பி மட்டும் ஓகேவா? அதுவும் செத்தவன்தானே? எவ்ளோ கிலோமீட்டர் தள்ளிச் செத்தா ஓகே? எத்தனை வருஷம் ஆனா ஓகே? நம்பர் சொல்லு, அதுக்கு மேல இருக்கிறத மட்டும் குடிக்கிறேன்.'

அந்தக் கேள்வி நியாயமானது. அதற்குப் பிறகு பாட்டுப் போட்டார்கள், பேச்சு மாறியது, ஆனால் கேள்வி என்னோடே இருந்தது. ஒரு சாவு எப்போது செய்தியாக இருப்பதை நிறுத்திவிட்டு அலங்காரம் ஆகிறது? தூரம்தான் காரணம் என்றால் நம் அறம் என்பது வெறும் கிலோமீட்டர் கணக்கு.

அவன் எடுத்துக்காட்டாகச் சொன்ன ஜாம்பியையே எடுத்துக்கொள்வோம். இன்றைக்கு ஜாம்பி என்றால் சதையைத் தின்ன வரும் கூட்டம். ஆனால் அந்தச் சொல் நமக்கு வந்தது ஹைட்டியிலிருந்து. பிரெஞ்சுக்காரர்களின் கையில் இருந்தபோது அந்த நாடு கரும்புத் தோட்டங்களால் ஆனது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் அங்கே கரும்பு வெட்டி, ஆலையாட்டி, சீக்கிரமே செத்துப்போனார்கள். ஹைட்டியின் ஜாம்பி மனிதனைத் தின்பதில்லை. செத்த பிறகும் எவனோ ஒருவனுக்காக வேலை செய்துகொண்டே இருக்கிற உடம்பு அது. அதாவது அங்கே ஜாம்பியைப் பார்த்து வருகிற பயத்தைவிட, ஜாம்பி ஆகிவிடுவோமோ என்ற பயம் பெரிது. செத்தால் விடுதலை என்பதுதான் அடிமையின் கடைசி நம்பிக்கை. அதுவும் இல்லாமல் போனால்? அந்த நினைப்புக்கு அவர்கள் கொடுத்த உருவம் ஜாம்பி.

1791இல் அந்த அடிமைகள் கலகம் செய்தார்கள், 1804இல் நாட்டையே விடுவித்தார்கள். 1915 முதல் 1934 வரை அமெரிக்க ராணுவம் ஹைட்டியைப் பிடித்து வைத்திருந்தது. அந்தக் காலத்தில்தான் வில்லியம் சீபுரூக் என்ற அமெரிக்கப் பயண எழுத்தாளர் 1929இல் ஒரு புத்தகம் எழுதி, கரும்புக் காட்டில் வேலை செய்யும் ஜாம்பிகளை அமெரிக்கர்களுக்கு அறிமுகப்படுத்தினார். 1932இல் 'ஒயிட் ஜாம்பி' என்று சினிமா வந்தது. 1934 வாக்கில் ஹாலிவுட்டில் டான் பீச் என்பவர் தன் மதுக்கூடத்தில் பல ரம்களைக் கலந்து ஒரு காக்டெய்ல் செய்து அதற்கு ஜாம்பி என்று பெயர் வைத்தார். ஆளுக்கு இரண்டுக்கு மேல் தர மாட்டேன் என்ற கட்டுப்பாடே அதற்கு விளம்பரம் ஆனது.

ரம் எதிலிருந்து வருகிறது? கரும்பிலிருந்து. செத்தும் கரும்பு வெட்டுவோமோ என்று பயந்தவர்களின் பயத்தை, அந்தக் கரும்பின் சாராயத்திலேயே கலந்து, குடைபோன்ற காகித அலங்காரம் குத்திக் கொடுத்தார்கள். இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய திகிலாக இருக்கிறது. மறதி தானாகவே இவ்வளவு கச்சிதமாக வேலை செய்யும்.

ஆக, நண்பனின் கேள்விக்குப் பாதி பதில்: ஜாம்பி ஓகே என்று நமக்குத் தோன்றக் காரணம் அது தூரத்தில் நடந்தது என்பதல்ல. அந்த அறையில் ஹைட்டிக்காரர் ஒருவரும் இல்லை என்பதுதான். தூரம் எதையும் கழுவிவிடுவதில்லை. கேட்க ஆள் இல்லாமல் செய்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் இதோடு நிறுத்தினால் நான் கலாச்சாரக் காவலர்களின் பக்கம் போய்ச் சேர்ந்துவிடுவேன். சாவை வைத்து விளையாடுவதில் நம் ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மாசி மாதம் சிவராத்திரியை ஒட்டி அங்காளம்மன் கோயில்களில் மயானக் கொள்ளை நடக்கும். காளி வேஷம் போட்டுக்கொண்டு, ஆட்டுக்குடலை வாயில் கவ்விக்கொண்டு சுடுகாட்டுக்கே போவார்கள். ஹாலோவீன்காரர்கள் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டோடு நின்றுவிடுகிறார்கள். இவர்கள் எலும்பையே கடிக்கிறார்கள். சாவு வீட்டில் பறைக்கு ஆடுகிறவர் செத்தவரைக் கிண்டல் பண்ணிப் பாடுவதும், அழுதுகொண்டிருக்கும் பெண்கள் நடுவில் சிரித்துவிடுவதும் நாம் எல்லோரும் பார்த்ததுதான்.

அங்கே ஏன் உறுத்தவில்லை? மயானக் கொள்ளையில் ஆடுகிறவர் ஆடுவது அவருடைய அப்பாவை எரித்த, நாளைக்கு அவரையே எரிக்கப்போகிற சுடுகாட்டில். சாவு வீட்டில் கிண்டல் பண்ணுகிறவர் செத்தவரோடு ஒரே திண்ணையில் உட்கார்ந்தவர். அது அவர்களுடைய சாவு, அவர்களுடைய பயம். கருணாபுரத்தில் ஒரு பெண் தன் புருஷனைப் பற்றிக் கறுப்பாக ஒரு ஜோக் அடித்தால் அதைத் தடுக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அதே ஜோக் பெங்களூர் ஃப்ளாட்டின் பத்தாவது மாடியில் வேறு பொருள் தருகிறது.

நம் சிறுதெய்வங்களையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். திருச்சி, பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் முழுக்க காத்தவராயனும் மதுரை வீரனும் இருக்கிறார்கள். ஒருவன் ஆரியமாலையைக் காதலித்ததற்காகக் கழுவேற்றப்பட்டவன். இன்னொருவன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். இரண்டு கதையிலும் சாதி தாண்டிய காதல் இருக்கிறது, அதிகாரம் கொடுத்த தண்டனை இருக்கிறது. கொல்லப்பட்டவனைச் சும்மா விட முடியாது என்று ஊருக்குத் தெரியும். அதனால் எல்லையில் இடம் கொடுத்து, சாராயமும் சுருட்டும் படைக்கிறது. இதில் உண்மையான வருத்தம் எவ்வளவு, வெறும் பயம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. சாதி தாண்டிக் காதலித்தவனை இன்றைக்கும் வெட்டிக் கொல்கிற நாட்டில் இந்தப் படையல் முழு நியாயம் ஆகிவிடாது. ஆனால் ஒன்றை அது ஒப்புக்கொள்கிறது: இவனுக்கு ஒரு பெயர் உண்டு, கதை உண்டு, நாம் இவனுக்குக் கொடுக்க வேண்டியது பாக்கி இருக்கிறது.

ஹாலோவீனும் ஆரம்பத்தில் இதற்கு அவ்வளவு தூரம் இல்லை. இங்கிலாந்தில் இறந்தோர் நாளை ஒட்டி ஏழைகள் வீடு வீடாகப் போய், அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபம் செய்துவிட்டு, பதிலுக்கு 'ஆன்ம கேக்' வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. குழந்தைகள் மிட்டாய் கேட்டு வருவதற்கு அதுவும் ஒரு முன்னோடி. செத்தவருக்கான கடனை இருக்கிற ஏழைக்குக் கொடுத்துத் தீர்ப்பது. சித்தப்பா எடுத்துப்போன குவார்ட்டர் ஞாபகம் வருகிறதா?

பேய் என்பது தீராத கடன் என்று வைத்துக்கொண்டால் நண்பனுக்கு என்னால் பதில் சொல்ல முடிகிறது. நம்பர் கிடையாது மச்சி. கிலோமீட்டரும் வருஷமும் கணக்கில்லை. செத்தவரின் வீட்டு ஆள் ஒருவர் இந்த அறையில், இந்த சோபாவில் உட்கார்ந்திருந்தால், இந்தக் கோப்பைக்கு இந்தப் பெயரைச் சொல்லுவாயா? சொல்லுவேன் என்றால் சொல். இல்லை என்றால், அவர் வராததால் கிடைத்த சிரிப்பு அது.

உடனே ஒரு மறுப்பு வரும். 'ஒரு பேரு வெச்சா யாருக்கு என்னடா நஷ்டம்? செத்தவனுக்குக் காது கேக்குமா?' கேட்காது. தாத்தாவுக்கும் பீடி பற்றவைக்கத் தெரியாது. அது அப்பாயிக்கு நன்றாகவே தெரியும். தீப்பெட்டி தாத்தாவுக்காக இருக்கலாம், ஆனால் அதை வைப்பதால் அப்பாயி எப்படிப்பட்ட ஆளாக இருக்கிறது என்பதும் அதில் இருக்கிறது. பெயர் வைப்பதும் அப்படித்தான். கள்ளக்குறிச்சிச் சாவுகளுக்கு அரசு ஆளுக்கு 10 லட்ச ரூபாய் அறிவித்தபோது, 'குடிச்சுத்தானே செத்தான், அதுக்குக் காசா' என்று எத்தனை பேர் சொன்னார்கள். நண்பனின் ஜோக் தனியாக முளைத்தது அல்ல. இவை மலிவான சாவுகள் என்று ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவின் மேல்தான் அது நிற்கிறது.

அந்த முடிவு சரியா? அந்த அறையில் இருந்த நாங்களும் குடித்துக்கொண்டுதான் இருந்தோம். எங்கள் ஜின் பாட்டிலுக்கு மூடி இருந்தது, சீல் இருந்தது, விலை இருந்தது. உள்ளே இருப்பது எத்தனால்தான் என்று சந்தேகப்பட வேண்டிய அவசியம் எங்களுக்கு வாழ்நாளில் ஒரு நாளும் வந்ததில்லை. கண்ணை மிதக்கவிட்டு விளையாட முடிந்ததே கண் போகாது என்ற உத்தரவாதத்தை நாங்கள் காசு கொடுத்து வாங்கியிருந்ததால்தான். அவர்களுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒழுக்கம் எதுவும் நிற்கவில்லை. பாட்டிலின் விலை நின்றது.

இன்னொரு மறுப்பு: 'இப்படியே பாத்தா எதை வெச்சும் சிரிக்க முடியாது.' முடியும். தன் பயத்தை வைத்துச் சிரிக்கலாம், அதற்குப் பஞ்சமே இல்லை. அன்றைக்குத் தோழி அப்படித்தான் ஆட்டத்தை மாற்றினாள். 'அடுத்தவன் பயத்த விடுங்கடா, நம்ம பயத்துக்குப் பேரு வைங்க.' சங்குப்பூ பானம் 'நோட்டீஸ் பீரியட்' ஆனது, நிறம் மாறுவதால். விளிம்பில் ரத்தம் வழிந்தது 'ஹோம் லோன்'. ஒருத்தி தன் கோப்பைக்கு 'பொண்ணு பாக்க வர்றாங்க' என்று பெயர் வைத்தபோது யாரும் உடனே சிரிக்கவில்லை. அவள் சிரித்த பிறகுதான் சிரித்தோம். கண் கோப்பைக்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்தவன் அதே நண்பன்தான். ஆபீஸ் லேப்டாப்பில் அவனுடைய கேமராவுக்கு மேல் எப்போதும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அன்றைய இரவில் நிஜமாகவே கொஞ்சம் பயம் வந்தது அப்போதுதான்.

ஜாம்பியை என்ன செய்வது? பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஒரு பேச்சு வந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெயரைத் தூக்கிவிட்டால் கடனும் அதோடு போய்விடும். மறதிக்கு நாமே உதவி செய்த மாதிரி. வைத்திருக்கலாம், ஆனால் கதையோடு. இப்போதெல்லாம் யாராவது அதைக் கேட்டால், ரம்மை ஊற்றும்போது இரண்டு நிமிஷம் சொல்லுகிறேன்: ஹைட்டி, கரும்பு, செத்தும் தீராத வேலை. எங்கள் மாவட்டத்திலும் எறையூரில் சர்க்கரை ஆலை இருக்கிறது, கரும்பு வெட்டுகிறவர்களின் கைகளை நான் பார்த்திருக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுவேன். நம் ஊர் ரம்மும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வருவதுதான்.

சிலருக்கு அதற்கு மேல் குடிக்கப் பிடிக்காது. வைத்துவிடுவார்கள். சிலர் குடிப்பார்கள், ஆனால் மெதுவாக. அந்த நண்பனிடம் முதன்முறை சொன்னபோது அவன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டான்: 'இத டான் பீச்சுக்கு யாராவது சொல்லிருப்பாங்களா?'

தெரியவில்லை என்றேன். அவன் குடித்தான்.